விடுவித்த நினைவகம் யாருக்குச் சொந்தம்?

நிரல் எழுதக் கற்பவருக்கு நாம் முதலிலேயே சொல்லிக்கொடுக்கும் விதி ஒன்று உண்டு: பெற்ற நினைவகத்தை வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வரைகலை இயக்கிகளை எழுதியவர்கள் இவ்விதியை அறிந்தே மீறினர். அம்மீறல் பிறருக்குக் கேடாகாதிருக்க அவர்கள் கண்ட வழியே இப்பதிவின் பொருள்.

2008 மே மாதத்தில் இன்டெல் நிறுவனத்தைச் சார்ந்த கீத் பேக்கார்டும் எரிக் ஆன்ஹோல்ட்டும் லினக்ஸுக்காக ‘ஜெம்’ என்னும் வரைகலை நினைவக மேலாண்மை முறையை முன்வைத்தனர். அவ்வாண்டு டிசம்பரில் வெளியான 2.6.28 கர்னலில் அது இடம்பெற்றது. இன்டெலின் அக்கால ஒருங்கிணைந்த வரைகலைச் செயலிக்குத் தனி நினைவகம் கிடையாது; கணினியின் பொது நினைவகத்தையே அது பகிர்ந்துகொண்டது. அதில் ஒரு பஃபரைப் புதிதாகப் பெறுவது செலவு மிக்க காரியம். பிற நிரல்களின் தரவு கசியாதிருக்க, கர்னல் ஒவ்வொரு பக்கத்தையும் சுழியங்களால் நிரப்ப வேண்டும். மையச் செயலியின் கேஷில் தங்கியதை வெளியேற்ற வேண்டும். வரைகலைச் செயலியின் முகவரி அட்டவணையில் பதிய வேண்டும். திரையில் தோன்றும் ஒவ்வொரு சட்டகத்துக்கும் இதையே திரும்பச் செய்தால் வேகம் குன்றும்.

ஆகவே, பயனர் நிரலோடு இணைந்து இயங்கும் லிப்டிஆர்எம் நூலகம், விடுவிக்கப்பட்ட பஃபர்களைக் கர்னலிடம் ஒப்படைக்காமல் அளவுவாரியான வரிசைகளில் வைத்துக்கொண்டது. அவ்வளவுகள் 4096 பைட்டில் தொடங்கி இரட்டித்துச் சென்றன. வரைகலைச் செயலி எழுதவிருக்கும் பஃபர் தேவையெனில், கடைசியாக விடுவிக்கப்பட்டதை நூலகம் எடுத்தது. அச்செயலியின் கேஷில் அது இன்னும் தங்கியிருக்கக்கூடும். மையச் செயலி எழுதவிருப்பதெனில், நெடுநேரம் முன்பு விடுவிக்கப்பட்டதை எடுத்தது. அண்மையில் விட்டதை வரைகலைச் செயலி இன்னும் பயன்படுத்திக்கொண்டிருக்கலாம். அது முடியும்வரை காத்திருப்பதைவிடப் புதிதாகப் பெறுவதே விரைவானது.

இக்கருத்தின் வேர் பழையது. சன் நிறுவனத்தின் ஜெஃப் பான்விக் 1994இல் விவரித்த ‘ஸ்லாப்’ முறையும், ஆயத்த நிலையிலுள்ள பொருளைக் கலைக்காமல் வைத்திருந்து மீண்டும் வழங்குவதே. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. ஸ்லாபின் கேஷ் கர்னலுக்குள்ளேயே இருந்தது. நெருக்கடி வந்தால் கர்னல் தானே அதைச் சுருக்கிக்கொள்ள முடிந்தது. லிப்டிஆர்எம்மின் கேஷோ ஒவ்வொரு நிரலின் கையிலும் இருந்தது. கர்னலின் பார்வையில் அந்தப் பஃபர்கள் யாவும் பயன்பாட்டில் உள்ளவை. நினைவகம் குறைந்த கணினியில் ஒரு நிரலின் சேமிப்பு மற்றொரு நிரலின் பட்டினியாகிவிடும்.

2009இல் இன்டெல் இயக்கியில் சேர்க்கப்பட்ட ஓர் அழைப்பு இதற்குத் தீர்வு தந்தது. கேஷுக்குள் வைக்கும் பஃபரை ‘இப்போது தேவையில்லை’ என நூலகம் குறித்துவிடும். நெருக்கடியில் அதன் பக்கங்களைக் கர்னல் எடுத்துக்கொள்ளலாம். மீண்டும் பயன்படுத்துமுன் ‘இன்னும் உள்ளதா?’ என நூலகம் கேட்கும். இல்லையெனில் புதிதாகப் பெறும்.

கேஷ் பற்றி ஆய்வு செய்யும் மாணவர்கள் வேகத்தை மட்டும் அளந்து நிறுத்திவிடுகின்றனர். வைத்திருப்பதைப் பிறர் கேட்கும்போது விட்டுக்கொடுக்க வழியுள்ளதா என்பதையும் அளக்க வேண்டும் என்பதே இவ்வரலாறு தரும் பாடம்.