பால்மரப் பலகையில் தச்சு: புதியவர்களுக்கு முதல் பாடம்

1877இல் கோலகங்சாரில் நடப்பட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்றும் மரமாக நிற்கிறது. நம் முன்னோர் தோட்டங்களில் பால் வெட்டிய அந்த மரம், 25 முதல் 30 ஆண்டுகளில் பால் குறைந்ததும் வெட்டப்பட்டு, நெடுங்காலம் விறகாகவே போனது. இன்று அதுவே மலேசியத் தளவாட ஏற்றுமதியின் முக்கிய மூலப்பொருள்.

மிதமான கடினம் கொண்டதால், கைக்கருவியால் தச்சு பழகுவோருக்கும் ஏற்றது. ஆனால், தோட்டத்தில் வெட்டிய கட்டையை அப்படியே பயன்படுத்தக் கூடாது. மாவுச்சத்து மிகுந்த மரம் என்பதால் வண்டு துளைக்கும். நீலப் பூஞ்சை படரும். போரான் மருந்தேற்றி, சூளையில் உலர்த்திய பலகையைக் கேட்டு வாங்குங்கள்.

முதலில் ஒரு சிறு முக்காலி செய்து பழகலாம்.

1. மூலைமட்டம் வைத்து, கத்தியால் கோடு கீறுங்கள்.
2. உளியும் கொட்டாப்புளியும் கொண்டு துளையை முதலில் செதுக்குங்கள்.
3. துளைக்கேற்ப நாக்கை அறுங்கள். ரம்பம் கோட்டின் கழிவுப் பக்கமே ஓட வேண்டும். நாக்கின் கனம் கட்டையில் மூன்றில் ஒரு பங்கு.
4. இழைப்புளியை நார் ஓடும் திசையில் தள்ளுங்கள். நார் பிய்ந்தால் பலகையைத் திருப்பிப் போடுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன், உளியைத் தீட்டுங்கள். மழுங்கிய உளியை அழுத்தித் தள்ள வேண்டியிருக்கும்; வழுக்கினால் கையைத்தான் வெட்டும். பால்வெட்டும் கத்தியைத் தீட்டிப் பழகிய நம் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள்; கல்லில் தீட்டும் பக்குவத்தை அவர்களே கற்றுத் தருவார்கள்.