மூன்றாவது தரம்

தாம்பரத்தில் நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளையில், மீட்கப்படாத நகைகளை ஏலம் விடும் நாளில், கூறுகிற வேலை என்னுடையது. ஒரு தரம், இரண்டு தரம் என்று சொல்லிவிட்டு மூன்றாவதற்கு முன் ஒரு நிமிஷம் நிறுத்துவேன். இந்த நிமிஷத்தின் சரித்திரத்தைத்தான் கொஞ்ச நாட்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஏலம் தமிழ்ச் சொல் அல்ல. போர்த்துக்கீசியரின் 'லெய்லாவ்' கடற்கரை வழியாக வந்து ஏலமாயிற்று. அதற்கும் முன்னால், அறிவித்தல் என்ற பொருளுடைய அரபுச் சொல்லொன்று. லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனி தன் சரக்குகளை மெழுகுவர்த்தி ஏற்றி விற்றது. சுடர் அணையும்போது கடைசியாகக் கேட்டிருந்தவனுக்குச் சரக்கு. நான் நிறுத்தும் நிமிஷமும் அந்தச் சுடர்தான்.

அந்தக் கம்பெனியே இந்தச் சீமையையும் ஏலம் போட்டது. 1763இல் ஆற்காட்டு நவாபிடமிருந்து ஜாகீராகப் பெற்ற செங்கல்பட்டை, 1802இல் நிரந்தரத் தீர்வையின் கீழ் மிட்டாக்களாக வெட்டினார்கள். வருஷத்துக்கு 1,000 முதல் 5,000 நட்சத்திர வராகன்வரை தீர்வை தரக்கூடிய துண்டுகள். அதிகம் கேட்டவனுக்கு மிட்டா. வயலைப் பார்க்காமலே கேட்டாலும் செல்லும். கேட்டவர்களில் பலர் சில வருஷங்களிலேயே தீர்வை கட்ட முடியாமல் விழுந்தார்கள். மிட்டாக்கள் மறுபடி ஏலத்துக்கு வந்தன அல்லது கம்பெனியிடமே திரும்பின. ஏலத்தில் ஜெயிப்பவன் பெரும்பாலும் மதிப்பை எல்லோரையும்விட அதிகமாகத் தப்பாகக் கணித்தவன். இதைப் பொருளாதாரக்காரர்கள் சூத்திரமாக்கியது இருபதாம் நூற்றாண்டில். இந்த மண்ணுக்கு அது முன்பே தெரியும்.

ஏலத்துக்கு எதிர்முனையும் இதே சீமையில் இருக்கிறது. உத்திரமேரூரில் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (919, 921) குடவோலையைச் சொல்கின்றன. தகுதி பார்த்தபின் பெயரைக் குடத்தில் போட்டு ஒரு சிறுவனை எடுக்கச் சொன்னார்கள். பசுங்கரைக் கிராமங்களில் நிலம் பொதுவில் இருந்தது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பங்காளிகள் வயல்களை மாற்றிக்கொண்டார்கள். மிராசுரிமை பற்றி எல்லிஸ் எழுதி 1818இல் அச்சான நூலைப் படிக்கிறவர் ஏங்கக்கூடும். நான் ஏங்கவில்லை. உழுத படியாளின் பெயர் எந்தக் குடத்திலும் விழவில்லை. ஏலத்தில் கேட்க அவனிடம் காசும் இல்லை.

குடமும் ஏலமும் நம் தெருவில் சீட்டாகச் சேர்ந்து வாழ்கின்றன. குலுக்கல் சீட்டில் அதிர்ஷ்டம் பேசுகிறது. ஏலச் சீட்டிலோ அதிகம் தள்ளிக் கேட்பவருக்குப் பணம். அதாவது, யாருக்கு அவசரம் அதிகமோ அவருக்கு. கழிவு மற்றவர்களுக்குப் பங்காகிறது. அவசரத்துக்கு விலை வைத்து, அதைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் பிரித்துக்கொள்ளும் ஏற்பாடு. இதைக் கொடுமை என்பதா, உதவி என்பதா? இரண்டும்தான்.

தரம் என்றால் தடவை, தகுதியும்கூட. தீர்வைக் கணக்கில் நிலத்தின் வகையும் தரம்தான். போன ஏலத்தில் ஓர் அம்மாள் வாசற்படியோடு நின்றார். உள்ளே வரவில்லை. நகைக்கடைக்காரர்கள் மூவரும் முன்னமே பேசிவைத்துக்கொண்டு வந்தவர்கள், ஒருவர்தான் கேட்டார். ஆரம்ப விலைக்குமேல் நூறு ரூபாய். வழக்கத்தைவிட அதிக நேரம் நிறுத்தினேன். மானேஜர் என்னைப் பார்த்தார். அந்த அம்மாளும் பார்த்தார்.

மூன்றாவது தரம் என்றேன். சட்டப்படி அது சரியான விலை.