ஒரு பின் அச்சின் பூர்வீகம்

பழைய ஆஸ்திரேலியக் கார்களைப் புதுப்பிப்பவர்களிடம் ஃபோர்டின் 9 அங்குல டிஃபரன்ஷியலுக்குத் தனி மவுசு உண்டு. 'எக்ஸ்ஒய் ஃபால்கன் ஜிடியில் இருந்தது' என்ற பேச்சும் சேர்ந்துவிட்டால் விலை எகிறிவிடும். 1971 பாதர்ஸ்ட் பந்தயத்தில் ஆலன் மொஃபட் வென்றது எக்ஸ்ஒய் ஜிடி-ஹெச்ஓ ஃபேஸ் த்ரீயில். அதன் 351 கன அங்குல வி8 எஞ்சினின் மூர்க்கத்தைத் தாங்கிச் சக்கரங்களுக்குக் கொண்டுபோனது 9 அங்குல அச்சும், அதற்குள் இரு பின்சக்கரங்களையும் பூட்டி ஒன்றாகச் சுழற்றும் டெட்ராய்ட் லாக்கரும்தான்.

அப்படியொரு பேச்சோடு விக்டோரியாவில் ஒரு கொட்டகையில் கிடந்த அச்சு என் ஆய்வுக்கு வந்தது. வண்டி இல்லை, அச்சு மட்டும். வண்டி இருந்திருந்தால் அடையாளத் தகட்டைப் பார்த்திருக்கலாம். எஞ்சின், கியர்பாக்ஸ் குறிகளோடு பின் அச்சுக்கும் அதில் ஒரு குறி இருக்கும். அதுகூட ஆலையை விட்டு வெளிவந்த நாளின் சாட்சிதான். ஐம்பது ஆண்டுகளில் எத்தனையோ கைகள் அச்சை மாற்றியிருக்கலாம். ஆகவே இரும்பைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும், காகிதம் பிறகு.

பின்னாலிருந்து பார்த்தேன். கழற்றக்கூடிய மூடி இல்லை. உருண்ட வழவழப்பான முதுகு. அறுபதுகளின் ஹோல்டன் பாஞ்சோவும் இப்படித்தான் முதுகு காட்டும். பல ஃபால்கன்களிலும் வேலியன்ட்களிலும் இருந்த போர்க்-வார்னருக்கும், பெரிய ஹோல்டன்களின் சாலிஸ்பரிக்கும் பின்பக்கம் போல்ட் போட்ட மூடி உண்டு. இவை இரண்டும் கணக்கிலிருந்து விலகின. 9 அங்குலத்தில் கிரௌன், பினியன் பல்சக்கரங்கள் எல்லாம் சேர்ந்த நடுப்பகுதி முன்னால் வெளியே வரும். அதைப் பிடித்திருக்கும் நட்டுகளில் சாக்கெட்டை வைத்துப் பார்த்தேன். கீழே உள்ள இரண்டு நட்டுகளில் சாக்கெட் நேராக உட்காராமல் வார்ப்பில் இடித்தது, ஸ்பேனர்தான் நுழைந்தது. ஃபோர்டின் 8 அங்குல அச்சில் எல்லா நட்டுக்கும் சாக்கெட் சரியாகப் போகும். எனவே இது 9 அங்குலம். அதில் ஐயமில்லை.

ஒரு நட்டின் அடியில் சின்னத் தகரச் சீட்டு தொங்கியது: 3எல்25. இடையில் 'எல்' வந்தால் வழுக்கலைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல், விகிதம் 3.25 என்று பொருள். கேட்பவருக்கு இனிக்கும் சீட்டு. ஆனால் ஒரு நட்டைக் கழற்றினால் சீட்டு இன்னோர் அச்சுக்குப் போய்விடும். இரண்டு முனைகளையும் தூக்கி நிறுத்தி ஒரு பக்க ஆக்சிலைத் திருப்பினேன். மறுபக்கம் எதிர்த்திசையில் சுற்றியது. சாதாரணத் திறந்த டிஃபரன்ஷியல்! நடுப்பகுதியை வெளியே எடுத்தபோது கிரௌனின் விளிம்பில் 10, 35 என்று பற்களின் எண்ணிக்கை பொறித்திருந்தது. 35-ஐ 10-ஆல் வகுத்தால் 3.50. சீட்டு சொன்ன 3.25-க்கு 39-ம் 12-ம் வேண்டும். கிரௌனும் பினியனும் ஜோடியாகத் தேய்த்துப் பொருத்தப்படுபவை. இரண்டிலும் ஒரே ஜோடி எண் இருந்தது. கியர்கள் பிரியாதவை, சீட்டுதான் வேறெங்கிருந்தோ வந்தது.

அடுத்து வார்ப்பு எண். ஃபோர்டின் அமைப்பில் 'சி' என்றால் அறுபதுகள், 'டி' என்றால் எழுபதுகள். பின்னால் வரும் இலக்கம் ஆண்டு. மூன்றாவது குறி வண்டி வகை. நான்காவது 'டபிள்யூ' அச்சுப் பிரிவு. இந்த எண் வடிவமைத்த ஆண்டைத்தான் காட்டும், வார்த்த நாளை அல்ல. விற்பவர்கள் பலர் இந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை. ஒரே வார்ப்பு பல வண்டிகளுக்குப் போனது என்பதால் அந்த எண் ஜிடியை நிரூபிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. ஆக்சிலின் முனையில் 31 ஸ்ப்லைன் பள்ளங்கள். இதைக் காட்டித்தான் 'ரேஸ் அச்சு' என்றார்கள். லாரிகளுக்கும் 31 ஸ்ப்லைன் வந்தது.

அந்த இடத்தில்தான் காகிதங்களிடம் போனேன். மெல்பர்னில் விக்டோரியா மாநில நூலகத்தின் மோட்டார் இதழ்கள், கிரெகரிஸ் பணிமனைக் கையேடுகள், உதிரிபாகப் பட்டியல்கள். நான் தேடியது பெருமைக் கதைகளை அல்ல, சக்கர நட்டுகளின் வட்டத்தை. ஃபால்கனில் ஐந்து போல்ட், வட்டத்தின் விட்டம் 4.5 அங்குலம். இதே 9 அங்குல அச்சு போட்ட எஃப்100 பிக்கப்பில் ஐந்து போல்ட், 5.5 அங்குலம்.

திரும்பி வந்து ஆக்சில் முனையின் வட்டத் தட்டைத் துருவோடு சேர்த்துத் துடைத்தேன். ஒன்றுவிட்டு ஒன்றாகப் பத்துத் துளைகள். 4.5 வட்டத்தில் ஐந்து, புதிய துளையின் கூர்மையான விளிம்போடு. வெளியே 5.5 வட்டத்தில் இன்னும் ஐந்து, வாய் அரைகுறையாக வெல்டால் அடைபட்டிருந்தன. அதன் பிறகு மற்றவை தானாகத் தெரிந்தன: குழாயின் இரு புறமும் கருப்புப் பெயின்ட்டின் அடியில் சுற்று வெல்ட், லீஃப் ஸ்பிரிங் உட்காரும் மேடைகளைப் பழைய இடத்தில் அறுத்த தழும்பு, அதற்கு உள்ளே தள்ளிப் புதிதாக வெல்ட் செய்த மேடைகள். எஃப்100-இன் அகன்ற அச்சு ஃபால்கன் அகலத்துக்குக் குறுக்கப்பட்டிருந்தது.

இதைக் கேட்டதும் வாங்க வந்தவர் அது பயனற்றது என்று ஒதுக்கப் பார்த்தார். அந்த முடிவில் எனக்கு உடன்பாடில்லை. 9 அங்குலத்தின் பலம் பெயரில் இல்லை. பினியனின் மையம் கிரௌன் மையத்திலிருந்து 2.25 அங்குலம் கீழே நிற்பதால் பற்கள் அதிகம் கவ்வும். பினியனின் மறுமுனையையும் ஒரு பேரிங் தாங்கும். அதே கீழிறக்கத்தால் பற்கள் அதிகம் உரசிச் சக்தியைத் தின்னவும் செய்யும். ஆறு சிலிண்டர் ஃபால்கனுக்கு, நல்ல நிலையில் உள்ள போர்க்-வார்னர் 78 போதும். அதைத் தூக்கி எறிந்துவிட்டு 9 அங்குலம் மாட்டுவது எனக்கு வருத்தம் தரும் பழக்கம். இவர் வைத்திருந்ததோ 351 எஞ்சின் மாற்றிய எக்ஸ்ஒய். அதற்கு இந்த அச்சு தகும்.

மிச்சம் இருந்தது விகிதம். டயர் ஒரு சுற்றுக்கு 2 மீட்டர் உருளும் என்று வைத்தால், 100 கிலோமீட்டர் வேகத்தில், நேரடி டாப் கியரில், 3.50-இல் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 2,900 சுற்று சுற்றும். 2.75-இல் சுமார் 2,300. நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக ஓட்டுபவருக்கு இந்த 600 சுற்று வித்தியாசம் காதிலும் பெட்ரோல் செலவிலும் தெரியும். அவர் நெடுந்தூரம் போகிறவர். ஆகவே 2.75 கிரௌன்-பினியன் ஜோடி, கியர்பாக்ஸில் ஸ்பீடோமீட்டர் பல்லிலும் அதற்கேற்ற மாற்றம், வெல்ட்களை ஒரு பொறியாளர் வண்டி மாற்றங்களுக்கான ஆஸ்திரேலிய விஎஸ்பி 14 விதிப்படி பரிசோதித்துத் தரும் சான்று என்று எழுதிக் கொடுத்தேன்.

விலை பிக்கப் அச்சின் விலைக்கு இறங்கியது. விற்பனை ரசீதில் 'ஜிடி' என்ற இரண்டெழுத்தை அடித்துவிட்டு, 'எஃப்100, குறுக்கப்பட்டது, 31 ஸ்ப்லைன், திறந்த வகை, 3.50' என்று எழுதச் சொன்னேன். 3எல்25 சீட்டைக் கழற்றி அந்த ரசீதோடு வைத்தோம்.