கல்லுல இரும்பு இருந்தா போதுமா?

ரத்தசோகைன்னு சொன்னதும் பல பேர் என்கிட்ட கேக்கறது, "ராகி, கீரை எல்லாம் சாப்பிடறேனுங்களே டாக்டர், அப்புறம் எப்படி இரும்பு கம்மியாகும்?" தட்டுல இரும்பு இருக்குங்க, ரத்தத்துக்குப் போய்ச் சேரல. சாப்பிட்ட கையோட டீ குடிச்சா உடம்பு அதை உறிஞ்சறது குறையும். எலுமிச்சை பிழிஞ்சா கூடும்.

ஊருங்க கதையும் இப்படித்தான். கொஞ்சம் நீளமான திரெட், பொறுமையா படிங்க.

பூமியோட மேலோட்டுல எடைக்கணக்குல சுமார் 5% இரும்பு. ஆனா அது ஆக்சிஜனோட ஒட்டிக்கிட்டு கிடக்கு. பிரிக்கணும்னா கரி வேணும், அதுவும் மூட்டை மூட்டையா. அதனால "இரும்பு இல்லாத ஊர்"னா பெரும்பாலும் கல் இல்லாத ஊர் இல்ல, எரிக்க வழியில்லாத ஊர்.

நம்ம நொய்யல் கரையிலேயே கொடுமணல் இருக்கு. பதிற்றுப்பத்துல வர்ற கொடுமணம் இதுதான்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. 1985ல தொடங்கி நடந்த அகழாய்வுல இரும்பு உருக்கின உலை, கசடு, எஃகு காய்ச்சினதுக்கான தடயம்னு எல்லாமே கிடைச்சுது. சின்ன உலை, சின்ன அளவு. பக்கத்துக் காட்டு விறகுக்கரியே போதும்.

இதையே பெருசா செய்யப் பார்த்தவர் ஹீத், கிழக்கிந்தியக் கம்பெனியில வேலை பார்த்த வெள்ளைக்காரர். 1830ல பரங்கிப்பேட்டையில ஆலை போட்டார். சேலத்துக் கல்லுக்குக் குறையே இல்ல. ஆனா அந்த உலைங்க தின்ன கரிக்குக் காடு தாங்கல. கம்பெனி கடன்ல தள்ளாடி, அந்த நூற்றாண்டு முடியறதுக்குள்ள மூடியாச்சு. இங்கிலாந்துல நிலக்கரி கைக்கெட்டற தூரத்துல கிடந்தது. நமக்கு நெய்வேலியில இருக்கறதோ பழுப்பு நிலக்கரி. இரும்பு உலைக்கான கோக் அதுல தேறாது.

கஞ்சமலை அடிவாரத்துல சேலம் உருக்காலைக்கு 1970ல அடிக்கல் நாட்டினப்போ, அந்த மலைக்கல்லை உருக்கப்போறாங்கன்னு ஊரே நம்புச்சு. கல்லுல இரும்பு சுமார் 35% தான். கடைசியில வந்தது, வெளியிலிருந்து எஃகு கொண்டுவந்து தகடா உருட்டற ஆலை.

கோவைக்காரங்க வேற கணக்கு போட்டாங்க. கல்லைத் தேடவே இல்ல. இங்க இருந்தது பருத்தி, மில்லு, அப்புறம் பாறையை உடைச்சு இறக்கின ஆழமான கிணறு. 1932ல பைக்காரா மின்சாரம் வந்ததும், மாடு கட்டிக் கவலை ஓட்டின கிணத்துல மோட்டார் இறங்க ஆரம்பிச்சுது. 1937ல ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் இங்கேயே மோட்டார் செஞ்சாங்க. பம்ப்பு உடம்பு வார்க்க பவுண்டரிங்க முளைச்சுது. பிக் அயர்ன் வெளியூரு, கோக் வெளியூரு, பழைய இரும்பு காயலான் கடை. அச்சு போடற கை மட்டும் நம்மூரு. எனக்கு இதுதான் கொடுமணலை விடப் பெரிய ஆச்சரியம்.

ஆனா இந்தப் பொழைப்புக்கு விலையும் உண்டுங்க. எங்கேயோ கோக், பிக் அயர்ன் விலை ஏறினா, பழைய விலைக்கு ஆர்டர் எடுத்த கணபதி, பீளமேடு பக்கத்துச் சின்னப் பட்டறைக்காரர் தன் கைக்காசைப் போட்டுத்தான் வார்ப்பை முடிச்சுக் கொடுக்கணும்.