வசதியான மூக்கு மாஸ்க்: ஒரு பெயரடையின் வரலாறு

1981 ஏப்ரலில் ‘தி லான்செட்’ மருத்துவ இதழில் ஒரு சின்னக் கட்டுரை வந்தது. மொத்தமே ஐந்து நோயாளிகள். எழுதியவர்கள் சிட்னியைச் சேர்ந்த காலின் சலிவனும் அவருடைய சகாக்களும். தூக்கத்தில் மூச்சு அடைத்துக்கொள்ளும் நோய்க்கு, மூக்கு வழியாக லேசான அழுத்தத்தில் காற்றை விடாமல் ஊதிக்கொண்டிருந்தால் அடைப்பே வராது என்பதுதான் சாரம். இன்று உலகம் முழுக்கக் கட்டிலுக்குப் பக்கத்தில் ‘உஸ்’ என்று ஓடிக்கொண்டிருக்கும் சிபாப் மெஷின்களின் பிறப்புச் சான்றிதழ் அது. அதன் சுருக்கத்தில், முதல் வாக்கியத்திலேயே ஒரு பெயரடை இருக்கிறது. காற்று செலுத்தப்பட்டது ஒரு ‘வசதியான’ மூக்கு மாஸ்க் வழியாக.

அந்த வசதி எப்படிப்பட்டது என்று பார்க்கலாம். நோயாளியின் மூக்கை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் அச்சு எடுப்பார்கள். அந்த அச்சில் ஃபைபர் கிளாஸில் ஒரு மூடி வார்ப்பார்கள். ராத்திரி படுக்கும்முன் அதை சிலிக்கோன் பசை தடவி முகத்தில் ஒட்ட வேண்டும். காலையில் பிய்த்து எடுக்க வேண்டும். மறுநாள் ராத்திரி திரும்பவும் ஒட்டு. காற்று ஊத, வேக்குவம் கிளீனர் மோட்டாரைத் திருப்பிப் போட்ட ஊதுகருவி. அது போட்ட சத்தம் வேறு.

இதையா வசதி என்று எழுதினார்கள்? ஆமாம். அவர்கள் எழுதியது பொய்யும் இல்லை. ஏன் என்று புரிய அதற்கு முந்தைய கதைக்குப் போக வேண்டும்.

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளரும். சிலருக்கு நாக்கும் மேல் அண்ணமும் பின்னால் சரிந்து மூச்சு போகும் பாதையையே மூடிவிடும். பத்து நொடி, இருபது நொடி, சிலசமயம் ஒரு நிமிடம்கூட மூச்சு இருக்காது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்கும். மூளை பதறி உசுப்பும். பெரிய குறட்டையோடு மூச்சு திரும்பும். தீவிரமானவர்களுக்கு இது மணிக்கு முப்பது தடவைக்கு மேல் நடக்கும். காலையில் அவருக்கு எதுவும் ஞாபகம் இருக்காது. பகல் முழுக்கத் தூக்கம் மட்டும் சொக்கும்.

சார்லஸ் டிக்கன்ஸ் 1836-37ல் எழுதிய ‘பிக்விக் பேப்பர்ஸ்’ நாவலில் ஜோ என்றொரு குண்டுப் பையன் வருவான். நின்ற இடத்தில் தூங்குவான், குறட்டை விடுவான். வாசகர்கள் 120 வருடம் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். 1956ல் அமெரிக்க மருத்துவர்கள் சிலர் அவன் பெயரை நினைவூட்டி ‘பிக்விக்கியன் சிண்ட்ரோம்’ என்று ஒரு நோயை விவரித்தார்கள். தூக்கத்தில் மூச்சு நிற்பதைக் கருவி வைத்துப் பதிவு செய்தது 1965ல், பிரான்சிலும் ஜெர்மனியிலும் தனித்தனியாக. நம்மூரிலும் அப்படி ஒருவருக்குக் கும்பகர்ணன் என்று பட்டம் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவதுதானே வழக்கம்.

நோய் தெரிந்தது. வைத்தியம்? 1969 முதல் தீவிரமான நோயாளிகளுக்குக் கழுத்தில் ஓட்டை போட்டார்கள். அடைப்பு தொண்டையில், ஓட்டை அதற்குக் கீழே. காற்று நேராக உள்ளே போய்விடும். பகலில் மூடி வைத்துப் பேசலாம், ராத்திரி திறந்து தூங்கலாம். உயிர் பிழைத்தது. ஆனால் குளிக்கும்போது பயம், கிருமித்தொற்று, மற்றவர்கள் முன்னால் கூச்சம் எல்லாம் சேர்ந்து வந்தன.

1980 ஜூனில் சலிவனிடம் வந்த ஒரு நோயாளிக்கும் அதுதான் பரிந்துரை. அவர் கழுத்தில் ஓட்டை வேண்டாம் என்றார். ஒரே ஒரு ராத்திரி சோதனைக்கு மட்டும் சம்மதித்தார். சலிவன் அதற்கு முன் டொராண்டோவில் நாய்களின் தூக்க மூச்சை ஆராய்ந்தவர். நாயின் நீண்ட மூக்குக்கு மாஸ்க் செய்த அனுபவம் மனித மூக்குக்குக் கைகொடுத்தது. அழுத்தத்தை மெதுவாக ஏற்றினார்கள். அடைப்பு நின்றது. அந்த மனிதர் இரவு முழுக்க அசையாமல் தூங்கினார். ‘லான்செட்’ கட்டுரையில் சொல்லப்படும் அழுத்தம் 4.5 முதல் 10 செ.மீ. நீரழுத்தம்தான். டம்ளர் தண்ணீரில் பத்து செ.மீ. ஆழத்துக்கு ஸ்ட்ராவை விட்டுக் குமிழி வரும்படி ஊதிப் பாருங்கள். அவ்வளவு காற்று போதும், ஓர் உயிருக்கு.

கழுத்தில் ஓட்டையோடு ஒப்பிட்டால், மூக்கில் ஒட்டிய ஃபைபர் கிளாஸ் மூடி சொர்க்கம். ‘வசதியான’ என்ற சொல் அங்கே நியாயமாகத்தான் உட்கார்ந்திருந்தது.

சாஃப்ட்வேர்க்காரர்கள் மொழியில் சொன்னால், ‘ப்ரூஃப் ஆஃப் கான்செப்ட்’ ஒரே ராத்திரியில் முடிந்துவிட்டது. ப்ரொடக்‌ஷனுக்குக் கொண்டுபோவது மட்டும் பாக்கி. அந்தப் பாக்கி நாற்பது வருடத்துக்குப் பிறகும் தீரவில்லை. ஏனென்றால் ப்ரொடக்‌ஷன் என்பது இங்கே மனித முகம். ஒன்றுபோல் இன்னொன்று இல்லை.

1980களின் நடுவில் விற்பனைக்கு மெஷின்கள் வந்தன. பசை போய் ஸ்ட்ராப் வந்தது. ஸ்ட்ராப் வந்ததும் எல்லோரும் இறுக்கினார்கள்; மூக்குத்தண்டில் புண் வந்தது. 1990களின் தொடக்கத்தில் சிட்னியின் ரெஸ்மெட் நிறுவனம் ‘பபிள் மாஸ்க்’ கொண்டுவந்தது. மாஸ்க்கின் ஓரத்தில் மெல்லிய சிலிக்கோன் சவ்வு. உள்ளே வரும் காற்றே அந்தச் சவ்வை உப்பவைத்து முகத்தோடு ஒட்டவைக்கும். அதாவது கசிவை அடைக்கும் வேலையைச் செய்வது காற்று. ஸ்ட்ராப் மாஸ்க்கை நகராமல் பிடித்துக்கொண்டால் போதும். இறுக்கினால் சவ்வு நசுங்கும், கசிவு கூடும், இன்னும் இறுக்குவோம். இன்றைக்கும் மாஸ்க்கை வெறுத்து எறிகிறவர்களில் பலர் இந்தச் சுற்றில் மாட்டியவர்கள்தான்.

1993ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு. நோயாளிகள் மெஷினை உண்மையில் எத்தனை மணிநேரம் போடுகிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியாமல் கருவியே எண்ணியது. 35 பேரில் 16 பேர்தான் குறைந்தது 70 சதவீத நாட்களில், நாளுக்கு 4 மணிநேரமாவது போட்டிருந்தார்கள். அந்த ‘4 மணிநேரம், 70 சதவீதம்’ பிற்பாடு அமெரிக்காவின் மெடிக்கேர் காப்பீட்டில் விதியாகவே ஆகிவிட்டது. கட்டிலுக்குப் பக்கத்தில் மெஷின் வருகைப்பதிவு எடுக்கும்; குறைந்தால் பணம் நிற்கலாம். கேள்வி எப்படி மாறியது என்று கவனியுங்கள். ‘மாஸ்க் ஏன் பொருந்தவில்லை’ என்பது ‘நோயாளி ஏன் போடவில்லை’ என்று ஆகிவிட்டது.

இந்தியாவுக்கு வருவோம். மும்பையில் 35 முதல் 65 வயது ஆண்களிடம் நடந்த, 2004ல் வெளியான ஆய்வில், பகல் தூக்கத்தோடு சேர்ந்த ஸ்லீப் ஆப்னியா 7.5 சதவீதம் பேருக்கு இருந்தது. 2022 பிப்ரவரியில் இசையமைப்பாளர் பப்பி லஹிரி இறந்தபோதுதான் இந்த நோயின் பெயரை நம்மில் பலர் முதல்முறையாகச் செய்தியில் கேட்டோம். அடுத்த வருடம் ஜூனில் அமெரிக்க அதிபர் பைடன் கன்னத்தில் கோடுகளோடு வெளியே வந்தார். சிபாப் ஸ்ட்ராப்பின் தழும்பு என்று வெள்ளை மாளிகை விளக்கம் கொடுத்தது. நல்ல மாஸ்க் வாங்க வசதி உள்ளவருக்கே முகத்தில் கோடு விழுகிறது.

விருதுநகரில் என் பெரியப்பாவுக்கு மதுரையில் ஸ்லீப் டெஸ்ட் எடுத்து மெஷின் வாங்கினோம். பட்டாசுக் கணக்கு பார்க்கிறவர். மத்தியானம் பேரேட்டின் மேலேயே சாய்ந்துவிடுவார். வீட்டில் எல்லோரும் ‘உழைச்ச உடம்பு, அசந்து தூங்குறாரு’ என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். மெஷினோடு வந்த மாஸ்க்கை மூன்று நாள் போட்டார். நாலாம் நாள், “ஏன்டா தம்பி, யானை மாதிரி தும்பிக்கையை மாட்டிக்கிட்டு எவனாச்சும் தூங்குவானா?” என்றார். மெஷின் கட்டிலுக்கு அடியில் போனது. அவருக்குத் தன் நோய் தெரியாது. ராத்திரி நடப்பதைப் பார்ப்பது பெரியம்மா மட்டும். அவரைப் பொறுத்தவரை மாஸ்க்குக்கு மாற்று கழுத்தில் ஓட்டை இல்லை. மாஸ்க் இல்லாத, பழகிய தூக்கம். அந்த ஒப்பீட்டில் 1981ன் ‘வசதியான’ தோற்றுப்போகிறது.

அப்புறம்தான் மாஸ்க்கை ஒரு பொருளாக உட்கார்ந்து பார்த்தோம். மூன்று வகை. மூக்கை மட்டும் மூடும் நேசல் மாஸ்க். மூக்குத் துளைகளின் வாசலில் உட்காரும் பில்லோ. வாயையும் சேர்த்து மூடும் ஃபுல் ஃபேஸ். வாயால் மூச்சு விடாதவர் என்றால் மூக்கு வகையில் தொடங்குவதுதான் வழக்கம். மூடும் பரப்பு குறைந்தால் கசிய இடமும் குறைவு. ஆனால் பெரியப்பாவுக்குக் கட்டை மீசை. சவ்வு தோலில் ஒட்ட வேண்டும், மீசையில் ஒட்டாது. மீசையை எடுக்கச் சொல்ல வீட்டில் யாருக்கும் தைரியமில்லை. பில்லோவுக்கு மாறினோம். படுக்கும்முன் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைக்கும் பழக்கம். ஸ்ட்ராப் வழுக்கியது, எண்ணெய் காலைக்கு மாறியது. ஈரப்பதம் கொடுக்கும் தொட்டியில் எங்கள் ஊர் உப்புத் தண்ணீரை ஊற்றினால் வெள்ளையாகப் படியும். டிஸ்டில்டு வாட்டர் வாங்கினோம்.

பெண்களுக்கு இன்னொன்று உண்டு: மூக்குத்தி. கல்யாணத்திலிருந்து கழற்றாத மூக்குத்தி குஷனின் ஓரத்தில் இடிக்கும். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் காந்தக் கொக்கி உள்ள மாஸ்க் வாங்கக் கூடாது. 2022ல் பிலிப்ஸ் நிறுவனமே தன் காந்த மாஸ்க்குகளுக்கு அப்படி எச்சரிக்கை விட்டது. மீசை, மூக்குத்தி, எண்ணெய், உப்புத் தண்ணீர். எந்த கேட்லாக்கிலும் எஸ், எம், எல் தவிர வேறெதுவும் பார்த்த ஞாபகம் எனக்கில்லை.

எங்கள் பக்கத்துக்கு இந்த வழக்கு புதுசில்லை. சிவகாசி வட்டாரத்தில் ‘மருந்து’ என்றால் மாத்திரைக்கு முன்னால் வெடிமருந்துதான் நினைவுக்கு வரும். அலுமினியப் பவுடர் அறையிலிருந்து வெளியே வருகிறவர் வெள்ளி பூசிய சிலைபோல இருப்பார். மூக்கில் ஒரு துண்டு, பாதி நேரம் கழுத்தில் கிடக்கும். கேட்டால், ‘மாஸ்க் குடுத்தாலும் போட மாட்டேங்கிறாங்க சார்’ என்பார்கள். தீப்பொறிக்குப் பயந்து மருந்து அறையில் மின்சாரமே கிடையாது. அதனால் ஃபேனும் கிடையாது. சித்திரை வெயிலில், அந்த அறையில், கைகள் ஓயாமல் ஓடும்போது மூக்கை மூடிக்கொண்டு எட்டு மணிநேரம் யாரால் இருக்க முடியும் என்று அந்தப் பதில் யோசிப்பதில்லை.

ஒப்பீடு இங்கேயும் உண்டு. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். அதைத் தொடர்ந்து பட்டாசும் இங்கே வேர் பிடித்தது. மழை பொய்க்கும் கரிசல் காட்டோடு ஒப்பிட்டால் மருந்து அறை மேல் என்று ஜனங்கள் வந்தார்கள். அந்த ஒப்பீடு அன்றைக்கு நியாயம்தான். ஆனால் ‘அதற்கு இது பரவாயில்லை’ என்பதை அளவுகோலாக வைத்துக்கொண்டால், அதற்குமேல் எதையும் சரிசெய்ய வேண்டியதில்லை என்று ஆகிவிடுகிறது. சிட்னியின் பசை மாஸ்க் அந்த இடத்தில் நிற்கவில்லை என்பதுதான் அதன் வரலாற்றில் எனக்குப் பிடித்தது. நோயாளிகள் முனகினார்கள், சவ்வு வந்தது. முனகினார்கள், பில்லோவும் வந்தது. முனகலை ஒழுங்கீனம் என்று எடுத்துக்கொள்ளாமல் தகவல் என்று எடுத்துக்கொண்ட இடங்களில் மட்டும் மாஸ்க் முன்னேறியிருக்கிறது.

பெரியப்பா இப்போது பில்லோவோடு ஐந்து மணிநேரம் தூங்குகிறார். மீதிக்குத் தும்பிக்கையைக் கழற்றிவிடுகிறார். பேரேட்டின் மேல் சாய்வது குறைந்திருக்கிறது.

உங்கள் வீட்டில் யாருக்காவது மாஸ்க் வாங்கப் போனால் இதை மட்டும் கேளுங்கள்: மெஷினை ஓடவிட்டு, அவருக்கு எழுதிக்கொடுத்த அழுத்தத்தில், படுத்து, ஒருக்களித்துப் புரண்டு போட்டுப் பார்க்க முடியுமா? உட்கார்ந்து பார்த்துப் பிரயோஜனமில்லை. படுத்தால் கன்னமும் தாடையும் இடம் மாறும், மாஸ்க்கும் இடம் மாறும். செருப்புக் கடையில்கூட நாலடி நடந்து பார்க்க இடம் விட்டிருக்கிறார்கள். மூச்சுக்கு மாஸ்க் விற்கும் இடத்தில் ஒரு கட்டில் வேண்டும்.