அவையின் இரு பக்கமும் மன்னார்

இலங்கைப் பாராளுமன்றத்தில் சபாநாயகரின் வலப்பக்கம் ஆளுங்கட்சி, இடப்பக்கம் எதிர்க்கட்சி. முன்வரிசை ஆசனங்கள் அமைச்சர்களுக்கும் கட்சித் தலைவர்களுக்கும். மன்னார் இரு பக்கமும் அமர்ந்த தொகுதி. 1947இல் சுயேச்சையாக வென்ற சி. சிற்றம்பலம், டி. எஸ். சேனநாயக்காவின் முதல் அமைச்சரவையில் தபால், தொலைத்தொடர்பு அமைச்சரானார். 1977இல் வென்ற பி. எஸ். சூசைதாசன் தமிழர் விடுதலைக் கூட்டணியினர். எதிர்க்கட்சித் தலைவர் பதவி அக்கட்சியின் அ. அமிர்தலிங்கத்துக்குக் கிடைத்தது. அரசியலமைப்பின் ஆறாம் திருத்தம் கோரிய பிரிவினை எதிர்ப்புச் சத்தியப்பிரமாணத்தை ஏற்காத அக்கூட்டணி உறுப்பினர்களின் ஆசனங்கள் 1983இல் வெறிதாகின. தமிழ்ப் பிரதிநிதித்துவத்துக்கு அது பேரிழப்பு.

பின்னர் மன்னார் வன்னித் தேர்தல் மாவட்டத்தில் அடங்கியது. 2015இல் வன்னி உறுப்பினர் செல்வம் அடைக்கலநாதன் குழுக்களின் பிரதித் தவிசாளரானார். சபாநாயகரும் பிரதிச் சபாநாயகரும் இல்லாத வேளையில் அக்கிராசனத்தில் அமர்ந்து அவையை நடத்துபவர் அப்பதவியில் இருப்பவரே.