பெறாமல் பாட்டியானவர்கள்

மயிலாப்பூர் மாட வீதிகளில் பிறந்து வளர்ந்து இன்று எழுபதைக் கடந்துவிட்ட எவரிடம் பேச்சுக் கொடுத்தாலும், அறுபத்துமூவர் உற்சவத்தையும் தெப்பத்தையும் வர்ணித்து முடித்த கையோடு, தம் வீட்டில் இருந்த பாட்டி ஒருவரைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிடுவார். விடியுமுன் எழுந்து ஸ்நானம் செய்து, நார்மடி உடுத்து, ஒரு வேளை மட்டும் உண்டு, ஏகாதசிதோறும் உபவாசம் இருந்து, வீட்டில் பிறந்த அத்தனை குழந்தைகளுக்கும் மருந்து உரைத்துப் புகட்டி, வெயில் காலத்தில் வடாமும் மற்றக் காலத்தில் அப்பளமும் இட்டு, எண்பது தொண்ணூறு பிராயம் வரையில் தீர்க்காயுளோடு இருந்து மறைந்த அந்த மூதாட்டியின் கைமணத்தைப் பற்றிப் பேச எல்லோருக்கும் விஷயம் உண்டு. ஆனால் அவர்களுள் பலர் ஒரு குழந்தையும் பெற்றறியாதவர்கள். பத்துப் பன்னிரண்டு வயதில், முகம்கூட நினைவில்லாத ஒருவரின் மரணத்தால் வைதவ்யம் அடைந்து, பருவம் வந்ததும் தலை மழிக்கப்பட்டு, அண்ணன் வீட்டிலோ தமக்கை வீட்டிலோ சம்பளமில்லாத ஊழியராக ஆயுளைக் கழித்தவர்கள். அவர்கள் வைத்த ரசத்தின் ருசியைப் புகழும்போது இந்தப் பகுதியை நாம் சௌகரியமாக விட்டுவிடுகிறோம்.

சட்டம் இல்லாமல் போனதால் வந்த கஷ்டம் அல்ல இது. விதவா விவாகத்தை அனுமதிக்கும் சட்டம் 1856-லேயே வந்துவிட்டது. சுதேசமித்திரனைத் தொடங்கிய ஜி. சுப்பிரமணிய ஐயர், விதவையாகிவிட்ட தம் பெண்ணுக்கு 1889-இல் பம்பாயில் மறுமணம் செய்துவைத்து, அதற்காக ஜாதிக்காரர்களின் பகிஷ்காரத்தையும் ஏற்றார். அ. மாதவையா 'முத்துமீனாக்ஷி' நாவலில் இதே துயரத்தைக் கதையாக்கினார். படித்தவர்கள் நாவலைப் படித்தார்கள், பொதுக் கூட்டங்களில் கை தட்டினார்கள், பிறகு வீட்டுக்குப் போய் அத்தையின் கையால் காப்பி வாங்கிக் குடித்தார்கள்.

இந்த நிலையில் மயிலாப்பூரில் 1886 ஆகஸ்டு 18-ஆம் தேதி பிறந்தவர் சுப்பலட்சுமி. தந்தை சுப்பிரமணிய ஐயர், தாய் விசாலாட்சி. தஞ்சை ஜில்லா ரிஷியூர் இவர்களுடைய பூர்விகம். பதினொரு வயதளவில் கல்யாணமாகி, சில காலத்துக்குள் கணவன் இறந்துபோக, மற்றப் பெண்களுக்கு எழுதிவைத்திருந்த வாழ்க்கையே இவருக்கும் காத்திருந்தது. தந்தை அதை ஒப்புக்கொள்ளவில்லை. மகளின் தலையில் கத்தி படவிடாமல், உற்றாரின் ஏச்சைப் பொறுத்துக்கொண்டு, வீட்டிலும் பிறகு கான்வென்ட் பள்ளியிலும் படிக்கவைத்தார். 1911-இல் சென்னை ராஜதானிக் கல்லூரியிலிருந்து சுப்பலட்சுமி பட்டம் பெற்று வெளிவந்தபோது, இந்த மாகாணத்து இந்துப் பெண்களில் முதல் பட்டதாரி என்ற கீர்த்தி அவருக்கு உண்டாயிற்று. அந்த வீட்டிலேயே சித்தி ஒருவர் இருந்தார். அவரும் விதவை, வாலாம்பாள் என்று பெயர். படித்த பெண்ணுக்குக் கிடைத்த புகழில் இந்தச் சித்திக்கு உரிய பங்கை எழுதுகிறவர்கள் குறைவு. இளம் விதவைகளுக்காகப் பின்னால் வந்த விடுதியில் குழந்தைகளுக்குத் தாயின் ஸ்தானத்தில் இருந்து சமையலும் பராமரிப்பும் பார்த்தவர் இவர்தான்.

அந்த விடுதி உண்டான காரணம் வெறும் தயை மட்டும் அல்ல. பெண் பள்ளிகள் நடத்த ஆசிரியைகள் வேண்டும். ஆண் வாத்தியாரிடம் பெண்ணை அனுப்பப் பெற்றோர் மாட்டார்கள். சுமங்கலிகளோ குடும்பத்தை விட்டு வேலைக்கு வர முடியாது. பெண் பள்ளிகளின் இன்ஸ்பெக்டராக இருந்த கிறிஸ்டினா லிஞ்ச் என்ற மாதுக்கு இந்தச் சிக்கல் நன்றாகத் தெரிந்திருந்தது. சுப்பலட்சுமியோ, வேலையற்றவர்கள் என்று மூலையில் உட்காரவைக்கப்பட்ட இளம் விதவைகளே அந்தக் குறையைத் தீர்க்கக்கூடியவர்கள் என்று கண்டார். 1912-இல் சாரதா மாதர் சங்கத்தை நிறுவி, எழும்பூரில் நாலைந்து பெண்களோடு தொடங்கிய முயற்சி வளர்ந்து, கடைசியில் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் என்னும் விசித்திரமான கட்டடத்துக்கு வந்து சேர்ந்தது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியை வைத்திருப்பதற்காக 1842-இல் டியூடர் என்ற வியாபாரி கட்டியது அது; பின்பு பிலிகிரி ஐயங்காரின் மாளிகையாகி, 1897 பிப்ரவரியில் சுவாமி விவேகானந்தர் தங்கி உபந்நியாசங்கள் செய்த இடமாகி, 1917-இல் அரசாங்கத்தின் வசமாயிற்று. எதிரே வந்தாலே சகுனத்தடை என்று ஊரார் ஒதுங்கிய பெண்கள், அந்த வட்டமான சுவர்களுக்குள் கணக்கும் பூகோளமும் படித்தார்கள்.

அங்கே மடி ஆசாரமும் சமையற்கட்டு நியமமும் ஒரு குறையுமின்றி அனுஷ்டிக்கப்பட்டன. பிராமண விதவைகளுக்கான விடுதி என்ற பெயரே அதன் எல்லையைக் காட்டிவிடும். தீவிரச் சீர்திருத்தக்காரருக்கு இது கோழைத்தனமாகத் தோன்றும். பிற வகுப்புப் பெண்களை வெளியே நிறுத்திய அந்த எல்லையை நானும் நியாயப்படுத்த மாட்டேன். என்றாலும், ஆசாரத்துக்குப் பங்கம் வராது என்ற உறுதி இல்லாவிட்டால் எந்தத் தகப்பனும் தன் பெண்ணை அங்கே விட்டிருக்க மாட்டான் என்பதை சுப்பலட்சுமி அறிந்திருந்தார். சம்பிரதாயத்தின் வாசலாலேயே உள்ளே புகுந்து சம்பிரதாயத்தைக் காலி செய்த சாமர்த்தியம் அது. 1922-இல் லேடி வில்லிங்டன் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி ஏற்பட்டபோது அதன் முதல் பிரின்ஸிபாலும் அவரே. சாரதா மாதர் சங்கத்தின் பள்ளியான சாரதா வித்யாலயம் பிற்பாடு இராமகிருஷ்ண மிஷனின் பொறுப்பில் தியாகராய நகருக்குப் போயிற்று. பெண்ணுக்குப் பதினாலு வயது நிரம்பாமல் கல்யாணம் கூடாது என்ற சாரதா சட்டம் 1930 ஏப்ரலில் அமலுக்கு வந்தபோது, புதிய விதவைக் குழந்தைகள் உண்டாகும் ஊற்றையே அது அடைக்கத் தொடங்கிற்று. அதற்காகப் பேசியவர்களில் இவரும் ஒருவர்.

இவருடைய விருத்தாப்பிய காலத்துக் காரியங்களே எனக்கு அதிகம் பிடித்தவை. 1942-இல் மயிலாப்பூரில் ஸ்ரீவித்யா கலாநிலயம் என்று வயது வந்த பெண்களுக்காக ஒரு பள்ளி வைத்தார். மருமகள் எடுத்துவிட்ட மாமியார்களும் ஸ்லேட்டுப் பலகையின் முன் உட்காரலாம் என்று ஒரு இடம் ஏற்படுத்துவது, இருபது வயதுப் பெண்ணுக்குக் கல்லூரி வைப்பதைவிடக் கடினமான காரியம்; கேலி செய்ய வீட்டுக்குள்ளேயே ஆட்கள் இருப்பார்கள் அல்லவா? 1952 முதல் 1956 வரை சென்னைச் சட்ட மேல்சபை அங்கத்தினராக இருந்தார். மயிலாப்பூர் மாதர் சங்கத்தின் தலைவியாக, எழுபது வயதில், 1956-இல் வித்யா மந்திர் பள்ளியைத் தொடங்கிவைத்தார். 1958-இல் பத்மஸ்ரீ வந்தது. கன்யாஸ்திரீகளைப் போன்ற வெள்ளை உடையால் இளமையிலேயே ஒட்டிக்கொண்ட 'சகோதரி' என்ற பட்டம் கடைசிவரை மாறவில்லை. பேரன் பேத்தி வயதுக் குழந்தைகளுக்கும் அவர் சிஸ்டர்தான். 1969 டிசம்பர் 20, வைகுண்ட ஏகாதசி அன்று, எண்பத்து மூன்று வயதில் காலமானார்.

அவரைப் பற்றிப் புத்தகங்கள் உண்டு. அவருடைய ஸ்தாபனங்கள் ராயப்பேட்டை நெடுஞ்சாலையிலும் தியாகராய நகரிலும் நடந்துகொண்டிருக்கின்றன. மற்றப் பாட்டிகளுக்கு அப்படி ஒன்றும் இல்லை. சித்தி, அத்தைப்பாட்டி, அம்மங்கார் என்ற உறவுப் பெயர்களோடு அவர்கள் போய்விட்டார்கள். தலை மழித்தவர்கள் என்பதால் போட்டோ எடுக்கும்போதும் பலர் உள்ளேயே நின்றுவிட்டார்கள். உங்கள் குடும்பத்தில் அப்படி ஒருவர் இருந்திருந்தால், அவருடைய இயற்பெயர் என்ன, எந்த வயதில் கல்யாணம், எந்த வயதில் அந்த வீட்டுக்கு வந்தார் என்பதைத் தெரிந்த பெரியவர்களிடம் கேட்டு இந்த வருஷத்துக்குள் எழுதிவைத்துவிடுங்கள்.